மொந்தன் படுத்த இடம்

வேங்கைக்காட்டில் கோரையேரி என்று ஓர் ஏரி. அதன் கரையோரப் பள்ளத்தில் மொந்தன் என்ற காட்டுப்பன்றி, தன் மனைவி பூவாயியோடும் பால்குடி மறக்காத ஐந்து குட்டிகளோடும் குடியிருந்தான்.

மொந்தன் ஆள் பார்க்க முரடு. முதுகு மயிர் குத்திட்டு நிற்கும். பல் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் குட்டிகள் தூங்கும்போது மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவான். "ஏங்க, கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுங்களேன். புரண்டு நசுக்கிடப் போறீங்க!" என்று பூவாயி சொன்னால், மறுபேச்சு இல்லாமல் தூறலிலும் வெளியே போய்ப் படுத்துக்கொள்வான்.

பூவாயி கோரையும் சருகும் சேர்த்துக் கட்டிய கூடு நல்ல கூடுதான். என்ன செய்வது, பள்ளத்துக் கூடு! ஐப்பசி மழை வலுத்தால் ஏரித் தண்ணீர் நேரே அங்கேதான் வந்து நிற்கும். பெரியவர்கள் கரைமேல் ஏறி நனைந்துகொண்டாவது சமாளித்துவிடுவார்கள். பச்சைக் குட்டிகள் என்ன செய்யும்? ஒரே ராத்திரிக் குளிரில் விறைத்துவிடும்.

தண்ணீரும் ஏறாமல் காற்றும் அடிக்காமல் அந்தக் காட்டில் ஒரே ஓர் இடம் இருந்தது. அதுதான் ஈச்சமேடு. மேட்டின் உச்சியில் ஈச்சம்புதர் கூரை போல் கவிந்திருக்கும். அடியில் மண் உலர்ந்தே கிடக்கும். ஆனால் இடம் சின்னது. அதனால் மழைக்காலம் முழுவதும் ஒரே ஒரு குடும்பம்தான் அங்கே தங்கலாம் என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்.

எந்தக் குடும்பம்? அதற்குத்தான் சேற்றோட்டம்!

முதல் மழை பெய்து, வறண்ட ஏரி சேறாகிக் கிடக்கும்போது போட்டி நடக்கும். இந்தக் கரை நாவல் மரத்திலிருந்து அந்தக் கரை மருத மரத்துக்கு ஓட வேண்டும். யார் முதலில் போகிறாரோ அவர் குடும்பத்துக்கு மேடு. 'குட்டி வைத்திருப்பவருக்கே கொடுத்துவிட்டால் என்ன?' என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்தக் காட்டில் அப்படி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆளாளுக்கு ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றிருப்பார்கள்!

போட்டிக்கு இரண்டே விதி. கரையைச் சுற்றி ஓடக் கூடாது. வயிறு வரைக்கும் சேறு இல்லாமல் வந்தால் செல்லாது. இது ஒன்று. நடுவே சேற்றில் படுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இது இன்னொன்று.

இந்த இரண்டாவது விதி பன்றிகளுக்காகவே போட்டது. சேற்றில் ஓடுவதற்குப் பன்றியை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் இதுவரை ஒரு பன்றிகூட ஜெயித்ததில்லை. ஏன் தெரியுமா? நல்ல சேற்றைக் கண்டால் பன்றிக்குக் கால் நிற்காது, சாய்ந்துவிடும்! மொந்தனின் தாத்தா முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர், நட்ட நடு ஏரியில் படுத்துவிட்டார். பின்னால் வந்த நாலு பேர் அவர்மேல் தடுக்கி விழுந்தார்கள். அன்றைக்குப் போட்ட விதி அது. மொந்தனின் அப்பா என்ன செய்தார்? "ஒரே ஒரு புரளல்தான், இதோ எழுந்துடுவேன்" என்றார். சாயங்காலம் போய் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

"படுக்க மாட்டேன்னு சொல்லுங்க!" என்றாள் பூவாயி, போட்டி நாள் காலையில்.

"படுக்க மாட்டேன்!"

"இப்படி அங்கே இங்கே பார்த்துக்கிட்டு இல்லே. என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

மொந்தன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி விழுந்து பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகளைப் பார்த்தான். எல்லாவற்றையும்விடச் சிறிய கடைக்குட்டி, இடம் கிடைக்காமல் அம்மாவின் காதைச் சப்பிக்கொண்டிருந்தது.

"இந்தப் பிள்ளைங்க மேல ஆணையா படுக்க மாட்டேன், பூவாயி. போதுமா?"

"போதும்" என்று அவள் அவன் நெற்றியில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டாள். "போயிட்டு நல்லபடியா வாங்க."

நாவல் மரத்தடியில் ஒரே கூட்டம். முயல் குதித்துக் குதித்துக் கால்களைப் பழக்கிக்கொண்டிருந்தது. நரி தன் வாலைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு நின்றது. நடுவே, காட்டு மான்கூட்டத்துக்கெல்லாம் தலைவனான கிளைக்கொம்பன் நின்றான். பேருக்கு ஏற்றபடி கொம்பு என்றால் அப்படி ஒரு கொம்பு. அவன் கால் வைத்த இடத்தில்தான் மான்கூட்டம் முழுவதும் கால் வைக்கும். அந்தப் பெருமை அவன் கழுத்தில் தெரிந்தது.

"ஏய் மொந்தா! ஓட வந்தியா, இல்லே படுக்க வந்தியா? பாய் தலையணை கொண்டாரலையா?" என்று கேட்டான் கிளைக்கொம்பன்.

எல்லாரும் சிரித்தார்கள். மொந்தனுக்கு உள்ளே சுருக்கென்றது. 'ஓடிட்டு அப்புறம் பேசிக்கலாம்' என்று இருந்துவிட்டான்.

நடுவரான நாரையார் மருத மரத்தடியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கழுத்தை நீட்டினார். "க்ராக்!" என்று ஒரு சத்தம் கொடுத்தார்.

ஓட்டம் ஆரம்பித்தது!

சேறு 'பொளக் பொளக்' என்றது. முயல் கோரைத் திட்டுக்குத் திட்டு தாவப் பார்த்து, நடுவே தொப்பென்று விழுந்தது. நரிக்கு வாலெல்லாம் சேறு அப்பி, வாலைத் தூக்குவதா காலைத் தூக்குவதா என்று தெரியவில்லை. மொந்தன் மட்டும் மூக்கை நீட்டிக்கொண்டு, குளம்பை விரித்து வைத்து, குடுகுடுவென்று போய்க்கொண்டே இருந்தான். அவனுக்கு இணையாகக் கோரைக்கு அந்தப் பக்கம் கிளைக்கொம்பன் ஒருவன்தான் வந்துகொண்டிருந்தான். பாய்ந்து பாய்ந்து, சேறு தெறிக்கத் தெறிக்க வந்தான்.

முக்கால் ஏரி தாண்டியாயிற்று. அங்கேதான் வந்தது சோதனை.

கோரைக்கு நடுவே ஓர் இடம். முந்தின நாள் மழையில் ஊறி, காலை வெயிலில் இளஞ்சூடாகி, களி கிண்டிய பதத்தில் கன்னங்கரேலென்று கிடந்தது சேறு. ஐயோ, என்ன சேறு! மொந்தனின் நாலு கால்களும் தாமாகவே மெதுவாயின. முதுகெல்லாம் நமநமவென்று அரித்தது. வயிறு தரையை நோக்கி இறங்கப் பார்த்தது.

'ஒரே ஒரு புரளல்...' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது.

"மாட்டேன்!" என்று மொந்தன் வாய்விட்டே கத்தினான். கண்களை இறுக்கி மூடிக்கொண்டான். மூச்சை அடக்கிக்கொண்டான். குட்டிகளின் முகத்தை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே காலை எடுத்து வைத்தான். கண்ணைத் திறந்தபோது அந்தச் சேறு பின்னால் போயிருந்தது!

மொந்தனுக்குத் தன்னையே நம்ப முடியவில்லை. தாத்தாவால் முடியாததை, அப்பாவால் முடியாததை அவன் செய்துவிட்டான்! மருத மரம் இதோ எதிரே தெரிந்தது. மரத்தடிக் கூட்டத்தில் குட்டிகளோடு பூவாயி நிற்பதும் தெரிந்தது. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் கோரைக்கு அந்தப் பக்கம் 'ம்ம்க்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பவும் கேட்டது. குரல்வளையை யாரோ பிடித்து அமுக்குவது போல இருந்தது.

மொந்தன் கோரையை விலக்கிப் பார்த்தான். கிளைக்கொம்பன் கழுத்தளவு சேற்றில் நின்றான். பாய்ந்த வேகத்தில் அவன் மெல்லிய கால்கள் நாலும் ஆணி அடித்தது போல் உள்ளே இறங்கிவிட்டன. காலை இழுக்க இழுக்க இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தான். தலை மட்டும் மேலே இருந்தது. கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போலிருந்தன.

"அண்ணே!" என்றான் கிளைக்கொம்பன். "மொந்தண்ணே! விட்டுட்டுப் போயிடாதீங்க!"

மொந்தன் மருத மரத்தைப் பார்த்தான். பிறகு கிளைக்கொம்பனைப் பார்த்தான். இன்னும் கொஞ்ச தூரம் ஓடினால் ஈச்சமேடு குட்டிகளுக்கு. ஓடிவிட்டு ஆள் கூட்டிக்கொண்டு வரலாமா? அதற்குள் இந்தத் தலையும் உள்ளே போய்விடும். இது பன்றிக்குத் தெரியாதா? சேற்றைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உதவிக்கு ஆள் கூப்பிட வாயைத் திறந்தான்.

"வேண்டாம்ண்ணே, கத்தாதீங்க!" என்று கிளைக்கொம்பன் கெஞ்சினான். "தலைவனே சேத்துல மாட்டிக்கிட்டான்னு தெரிஞ்சா, கூட்டத்துல ஒருத்தரும் இனி என் பின்னாடி வர மாட்டாங்க. என் மானமே போயிடும்!"

"உசுரு போகுது, இவனுக்கு மானம்!" என்று முணுமுணுத்தான் மொந்தன். ஆனாலும் கத்தவில்லை. "காலை இழுக்காதே. சும்மா நில்லு. சேத்தை இழுத்தா அது இறுக்கும், இளக்கினாத்தான் விடும்" என்றான்.

சேற்றை இளக்க ஒரே வழிதான் உண்டு. மொந்தனுக்கு அது நன்றாகத் தெரியும்.

அவன் படுத்தான்.

பக்கத்துக் குட்டைத் தண்ணீர் உள்ளே வரும்படி மூக்கால் கிளறி வாய்க்கால் வெட்டினான். தண்ணீரும் சேறும் கலக்கும்படி இந்தப் பக்கம் புரண்டான், அந்தப் பக்கம் புரண்டான். நாலு காலும் வானத்தைப் பார்க்க உருண்டான். ஆசையாகச் செய்ய வேண்டிய வேலையை அழுதுகொண்டே செய்தான், பாவம்!

பின்னால் தட்டுத் தடுமாறி வந்த முயல், கோரை இடுக்கில் ஆடும் அந்த நாலு கால்களைப் பார்த்தது. அடர்ந்த கோரை மறைத்ததில் அதற்குக் கிளைக்கொம்பன் தெரியவில்லை. கால்கள் மட்டும் தெரிந்தன.

"படுத்துட்டான்டோய்!" என்று முயல் கத்தியது. "மொந்தனும் படுத்துட்டான்!" சிரித்த சிரிப்பில் மறுபடியும் சேற்றில் விழுந்தது.

மருத மரத்தடியிலிருந்து 'ஓ'வென்று சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தக் கூட்டத்தில் பூவாயியும் நிற்கிறாள் என்று மொந்தனுக்குத் தெரியும். காதை மடக்கிக்கொண்டான்.

சேறு இளகிக் கூழானது. மொந்தன் கிளைக்கொம்பனின் மார்பை ஒட்டிப் பலகை போல் ஒருக்களித்துப் படுத்தான். "ஏறு என் மேலே! ஒவ்வொரு காலா எடு!" என்றான். மானின் கூரான குளம்பு அவன் விலாவில் குத்தி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டான். ஒரு கால் வந்தது. இன்னொரு கால் வந்தது. கடைசியில் கிளைக்கொம்பன் முழுசாக வெளியே வந்து கெட்டித் தரையில் விழுந்தான்.

கொஞ்ச நேரம் இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"நீங்க வரலியா?" என்று கிளைக்கொம்பன் கேட்டான்.

"நான்தான் படுத்தாச்சே. என் ஆட்டம் முடிஞ்சது. நீ ஓடு."

கிளைக்கொம்பன் எழுந்தான். நாலடி போனவன் திரும்பி வந்தான். "அண்ணே... இங்கே நடந்ததை யார்கிட்டேயும் சொல்லிடாதீங்க. வாக்குக் கொடுங்க" என்றான்.

அந்தப் பெரிய கண்களில் இருந்த பயத்தைப் பார்த்து மொந்தனுக்கு மனசு இளகிவிட்டது. "சரி, சொல்லலை. போ" என்றான்.

கிளைக்கொம்பன் ஓடி மருத மரத்தைத் தொட்டான். ஜெயித்துவிட்டான்!

"பாருங்க, பாருங்க! கழுத்து வரைக்கும் சேறு! இப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை!" என்று நாரையார் மெச்சிக்கொண்டார். மான்கூட்டம் துள்ளியது. கிளைக்கொம்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கடைசியில் மொந்தன் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தான். "தூக்கம் எப்படி, மாப்பிள்ளே?" என்று கேட்டது நரி. பூவாயி எதுவுமே கேட்கவில்லை. குட்டிகளை முன்னால் விட்டு வீட்டுப் பக்கம் நடந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட மொந்தனுக்குத் தேவலை.

அன்று சாயங்காலம் கூட்டுக்கு வெளியே மொந்தன் சுருண்டு கிடந்தான். பூவாயி வந்து பக்கத்தில் நின்றாள்.

"பிள்ளைங்க மேல ஆணை வெச்சீங்களே..." என்றாள்.

"பூவாயி..." என்றான் மொந்தன். உண்மை வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டான்.

"இது என்ன, விலாவுல காயம்?"

"கல்லு குத்திடுச்சு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் கோபம்தான். ஆனாலும் அந்தக் காயத்தைச் சுத்தமாக நக்கிவிட்ட பிறகுதான் உள்ளே போனாள். மொந்தனுக்கு அழுகை அழுகையாக வந்தது.

அதற்குப் பிறகு காடே அவனைக் கேலி செய்தது. எங்கே போனாலும் யாராவது ஒருவர் கொட்டாவி விட்டுக் காட்டினார்கள். "தாத்தா புத்தி, அப்பன் புத்தி, எங்கே போகும்?" என்றார்கள். ஈச்சமேட்டில் குடியேறிய கிளைக்கொம்பன், வழியில் மொந்தனைக் கண்டால் புதருக்குள் போய்விடுவான்.

ஐப்பசி மழை பிடித்தது. பிடித்தது என்றால் விடவே இல்லை. ஒருநாள் விடியற்காலையில் பூவாயி "ஐயோ!" என்று அலறினாள். கூட்டுக்குள் தண்ணீர்! குட்டிகள் நனைந்து கீச்சுகீச்சென்று கத்தின. மொந்தனும் பூவாயியும் ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கரைமேல் கொண்டுவந்து போட்டார்கள். கரையில் ஏற்கெனவே முயலும் நரியும் மற்றவர்களும் நனைந்துகொண்டு நின்றார்கள். ஒதுங்க ஓர் இடம் இல்லை. காற்று வீசி வீசி அடித்தது. மற்ற குட்டிகள் நடுங்கின. கடைக்குட்டி நடுங்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

"ஏங்க, இது உடம்பு சில்லிட்டுப் போச்சுங்க!" என்றாள் பூவாயி.

மொந்தன் நேரே, கரையோரம் ஈச்சமேட்டுக்கு ஏறும் வழியில் நின்ற நாரையாரிடம் போனான். அதுவரை யாரிடமும் எதற்கும் குனியாத தலையைக் குனிந்தான்.

"நாரையாரே, எனக்கு இடம் வேண்டாம். பூவாயிக்கும் வேண்டாம். இந்தப் பிள்ளைங்களை மட்டும் ஈச்சமேட்டுல ஒரு மூலையில போட்டுக்க விடுங்க. மழை விட்டதும் எடுத்துக்கறேன்."

"பாவமாத்தான் இருக்கு" என்றார் நாரையார். "ஆனா ஒரு குடும்பம்னா ஒரு குடும்பம்தான். இன்னைக்கு உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"ஓட வேண்டிய நேரத்துல படுத்துட்டு, இப்போ மேடு கேக்குறியா?" என்று கேட்டது முயல், பல் கிடுகிடுக்க.

மொந்தன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் கொடுத்துவிட்டானே! திரும்பி வந்து கடைக்குட்டியைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.

மேட்டின் மேல் ஈச்சம்புதர் அசைந்தது. கிளைக்கொம்பன் நனைந்துகொண்டே இறங்கி வந்தான். எவ்வளவு நேரமாக அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தானோ! அவன் மனைவியும் மெதுவாக இறங்கி வந்தாள்; கரையில் நனைந்துகொண்டிருந்த அவனுடைய கூட்டம் முழுவதும் பின்னால் வந்தது. அவன் எல்லாருக்கும் நடுவே வந்து நின்றான்.

"மொந்தண்ணன் தூங்கப் படுக்கலை" என்றான். "சேத்துல கழுத்து வரைக்கும் புதைஞ்சு சாகக் கிடந்தவன் நான். என்னைத் தூக்கி விடத்தான் அவர் படுத்தார். என் குளம்பு அவர் விலாவுல ஏறித்தான் நான் வெளியே வந்தேன். ஜெயிச்சிருக்க வேண்டியவர் அவர். யார்கிட்டேயும் சொல்லாதீங்கன்னு வாக்கு வாங்கிக்கிட்டு, நான் போய் மரத்தைத் தொட்டேன். அன்னைக்கிலிருந்து அந்த மேட்டுல எனக்கு ஒரு வாய் தழை இறங்கலை."

முயல் தலையைக் கீழே போட்டுக்கொண்டது.

ஒரு கிழட்டு மான் மட்டும் கனைத்தது. "தலைவரே சேத்துல மாட்டிக்கிட்டா, இனி உங்க பின்னாடி நாங்க எப்படி நம்பிக் கால் வைக்கிறது?" என்றது.

கிளைக்கொம்பனின் மனைவி முன்னால் வந்தாள். நிறைமாசம், நடக்கவே சிரமப்பட்டாள். "விழுந்ததை மறைக்கிறவரை நம்பித்தான் கால் வைக்க முடியாது. விழுந்த இடத்தைக் காட்டுறவர் பின்னாடி நான் கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்" என்றாள்.

பூவாயி மொந்தன் பக்கம் திரும்பினாள். "அப்போ அந்தக் காயம்... கல்லு குத்தலையா?"

"இல்லை."

"அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தினீங்களே, எனக்குக் கொடுத்த வாக்கை மட்டும் ஏங்க மீறினீங்க?"

மொந்தன் கடைக்குட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான். "உன்கிட்டே வாக்கை மீறினா நீ அழுவே, கோவிச்சுக்குவே, அப்புறம் காயத்தை நக்கிவிடுவே. அவனுக்கு அங்கே யாரு இருந்தா, பூவாயி?"

பூவாயிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூக்கால் அவன் கன்னத்தில் ஓர் இடி இடித்தாள். வலிக்காத இடிதான்.

"நாரையாரே, மேட்டை அண்ணன் குடும்பத்துக்குக் கொடுங்க. நாங்க இறங்கிக்கறோம்" என்றான் கிளைக்கொம்பன்.

"நல்லா இருக்கே!" என்றான் மொந்தன். "நிறைமாசக்காரியை இந்த மழையில எங்கே கூட்டிட்டுப் போவே? பேசாம இரு."

"யாராவது ஒரு குடும்பம் ஏறுங்கப்பா!" என்று நாரையார் தவித்தார். "ரெண்டு குடும்பத்துக்குக் கட்டுப்பாடு இடம் கொடுக்காது."

"ரெண்டு குடும்பம் எங்கே இருக்கு, நாரையாரே?" என்றாள் பூவாயி. "எல்லாரும் கேக்க 'அண்ணன்'னு சொல்லிட்டாரு. அப்போ அவரு எனக்குக் கொழுந்தன். அந்தப் பொண்ணு எனக்கு ஓரகத்தி. அண்ணன் தம்பி வீடு ஒரே வீடுதானே? வழியை விடுங்க, பிள்ளை குளிர்ல கிடக்கு!"

நாரையார் அலகைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். காலை மாற்றி நின்றுகொண்டு வழியை விட்டார்.

கடைக்குட்டியைக் கவ்விக்கொண்டு முதலில் ஏறியவன் கிளைக்கொம்பன்தான். ஈச்சம்புதருக்குள் அவன் மனைவி படுத்து, தன் சூடான வயிற்றோடு அந்தக் குட்டியைச் சேர்த்துக்கொண்டாள். பூவாயி அதன் முதுகை நக்கி நக்கிச் சூடேற்றினாள். கிளைக்கொம்பன் காற்று வரும் பக்கத்தை மறைத்துக்கொண்டு குறுக்கே நின்றான். மொந்தன் மற்ற குட்டிகளையும் கொண்டுவந்து பக்கத்தில் சேர்த்தான்.

வெகு நேரம் கழித்துக் கடைக்குட்டி ஒரு காலை உதறியது. தும்மியது. பிறகு கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது!" என்றது. மொந்தன் வெட்கத்தை விட்டு ஓவென்று அழுதான். கிளைக்கொம்பனும் அழுதான்.

நம்மைத் தூக்கிவிட்டவரின் பெயரை ஊரறியச் சொன்னால்தான், நாம் பெற்ற வெற்றி நமக்கு நிம்மதி தரும்.